தீப மை இலவசம் என்று போட்ட வருடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தள்ளிப்போட்டு வந்தேன். பேனாவை எடுப்பேன், சுவரில் இருக்கும் அண்ணாமலையார் படத்தைப் பார்ப்பேன், மறுபடி மூடி வைத்துவிடுவேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள், எழுதிப் பழக்கம் இல்லை என்பது ஒரு காரணம். சொல்லப்போவது எனக்குச் சோறு போட்ட கடையைப் பற்றி என்பது இன்னொரு காரணம், அதுதான் பெரிது. உப்பிட்ட வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவதென்றாலும் மனசு ஒப்பவில்லை. போன மாதம் சின்ன முதலாளியிடமே கேட்டுவிட்டேன். "எழுதுங்கக்கா. கடை பேர் மட்டும் போடாதீங்க" என்றார். அதனால் பேர் போடவில்லை.

நம் ஊரில் பூஜை சாமான் விற்கிற கடைகளில் பாதிக்கு மேல் இப்போது ஆன்லைனில்தான் வியாபாரம். அங்கே வேலை செய்கிற நீங்கள் போன் எடுக்கிறீர்கள், பார்சல் கட்டுகிறீர்கள், மெசேஜுக்குப் பதில் போடுகிறீர்கள். அந்த வேலையெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எதிர்முனையில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் கடையில் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் கிடையாது. கோயிலுக்குப் போகிற தெருவில் பத்தடி அகலக் கடை. கவுண்டருக்குப் பின்னால் நானும் இன்னொரு அக்காவும் நிற்போம். அந்த அக்கா என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவள், ஆனால் வாய் மட்டும் ரொம்பப் பெரியது. பௌர்ணமி என்றால் விடிகாலையிலேயே வந்துவிட வேண்டும். கிரிவலம் முடித்து, கால் வலியோடு, நெற்றி நிறைய விபூதியோடு ஜனங்கள் வருவார்கள். குங்குமத்தைக் கிளறிப் பார்ப்பார்கள். விளக்கைத் தூக்கி எடை பார்ப்பார்கள், சுண்டிப் பார்ப்பார்கள். "போன தடவை கம்மியா குடுத்தீங்களே" என்பார்கள். "போன தடவை நீங்க வரவே இல்லியேம்மா, உங்க நாத்தனார் இல்ல வந்தாங்க" என்பாள் அக்கா. கடை முழுக்கச் சிரிக்கும். பேரம் முடிந்து, காசு வாங்கி, பை கைக்குப் போன பிறகுதான் ஒரு சிட்டிகை விபூதியோ, ஒரு கட்டி கற்பூரமோ சேர்த்துக் கொடுப்போம். அதை முன்னாலேயே காட்டி யாரையும் வாங்கவைத்தது கிடையாது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கடையின் வாசனை வருகிறது. சாம்பிராணி, புதுப் பித்தளை, ஈரத் துணி, வியர்வை எல்லாம் கலந்த வாசனை. அந்தக் கூட்டத்தில் நின்று நின்றே எனக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. ஆனாலும் அந்த நாட்கள் திரும்பக் கிடைக்குமா என்றுதான் மனசு ஏங்குகிறது.

பெரிய முதலாளிக்கு முட்டி தேய்ந்து வீட்டோடு இருந்துவிட்ட பிறகு, அவர் மகன் சின்ன முதலாளி சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தார். நல்ல பிள்ளை. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, பிரதோஷம் தவறாதவர். கடைக்குப் பின்னால் இருந்த குடோனைச் சுத்தம் செய்து, விளக்குகளைப் போட்டோ எடுத்து, ஆன்லைனில் போட்டார். எனக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று போன் எடுக்கிற வேலையைக் கொடுத்தார்.

கவுண்டரில் நாங்கள் அறுநூறு ரூபாய்க்கு விற்ற காமாட்சி விளக்குக்கு, ஆன்லைனில் ஆயிரத்து எண்ணூறு என்று போட்டு, அதன் மேல் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் எண்ணூறு என்று போட்டிருந்தது. கீழே கடிகாரம் ஓடும்: சலுகை முடிய இன்னும் இவ்வளவு நேரம். முடிந்ததும் அதுவே மறுபடி முதலிலிருந்து ஓடும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கல்யாணத் தரகர் பவுன் கணக்கை ஏத்திச் சொல்லிட்டு எறக்குற மாதிரி இருக்குது" என்றாள். சின்ன முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் போடறாங்கக்கா. நாம மட்டும் போடலைன்னா நம்ம வெளக்கு மட்டமானதுன்னு நெனைச்சுக்குவாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேலூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். குரலைக் கேட்டால் வயதானவர்.

"ஏம்மா, இந்த ஆயிரத்து எண்ணூறுன்னு அடிச்சிருக்கீங்களே, அந்த வெலைக்கு ஒருத்தராவது வாங்கினாங்களா?"

என் நாக்கு தானாகப் புரண்டு, "இல்லைங்க, ஒருத்தரும் வாங்கலை" என்றுவிட்டது.

"அப்ப எனக்கு எவ்ளோ மிச்சம்?"

"மிச்சம்னு ஒண்ணும் இல்லைங்க. அதான் விலை."

அவர் கொஞ்ச நேரம் இருமினார், இல்லை சிரித்தார். "சரி, அதான் வெலைன்னா அதையே குடு. வெளக்கு ஒழுகாதில்ல?" என்றார். ஒழுகாது என்றேன், நிஜமாகவே ஒழுகாது. வாங்கினார். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. விலையை எழுதுகிறவர் ஒருவர், அதைப் பற்றிக் கேள்வி வருகிறபோது பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர். எழுதினவருக்கு அந்தக் குரல் கேட்கவே கேட்காது. உங்களுக்குத்தான் கேட்கும்.

இப்போது அந்தக் கார்த்திகைக்கு வருகிறேன்.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மலை உச்சியில் மகா தீபம் பதினோரு நாள் எரியும். அது முடிந்ததும் கொப்பரையைக் கீழே இறக்கி, அதில் படிந்த மையை எடுத்து வைப்பார்கள். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்கு அந்த மையைச் சாத்திய பிறகுதான் ஜனங்களுக்குப் பிரசாதமாகக் கிடைக்கும். தீபத்துக்கு நெய் காணிக்கை கொடுத்தவர்களுக்கு ஒரு சின்னப் பொட்டலம் வரும். எங்கள் பெரிய முதலாளி வருஷா வருஷம் நெய் கொடுப்பார். வருகிற மையில் வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியைப் பழைய வாடிக்கைக்காரர்கள் கேட்டால் சும்மா கொடுப்பார். பயந்த பிள்ளைகளுக்கு வைப்பார்கள், நோயாளிக்கு வைப்பார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் வைப்பார்கள். மையை நெற்றியில் வைத்துக்கொண்டால் அந்த ஜோதியே கூட வருகிற மாதிரி ஒரு தைரியம். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

அந்த வருடம் சின்ன முதலாளி, "தீபத் திருநாள் விளக்கு வாங்கினால் மகா தீப மை இலவசம்" என்று போட்டார். விளக்கு தீபத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், மை ஆருத்ரா முடிந்து கூரியரில் வரும். மைக்குக் காசில்லை, அனுப்பும் செலவு மட்டும் தனி. விளக்கின் விலையிலும் ஒரு நூறு ரூபாய் ஏறியிருந்தது. ஆர்டர் கொட்டியது. பார்சல் கட்டி அக்காவுக்கு விரல் நுனி வெடித்துவிட்டது. சின்ன முதலாளி எல்லாருக்கும் மதியம் பிரியாணி வாங்கித் தந்தார், நானும் கார்த்திகை மாதம் கவிச்சி தொடாத இன்னும் சிலரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆருத்ரா முடிந்தது. கடைக்கு வந்த மை ஒரு கை நிறையக்கூட இல்லை. அத்தனை பேருக்கும் எங்கே போவது? மறுநாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது குடோனிலிருந்து நெய் கருகுகிற வாசனை வந்தது. போய்ப் பார்த்தேன். அகல் விளக்குகளில் பசு நெய் ஊற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, மை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"கவர்ல போடறதுக்குத்தான். சுத்தமான நெய்க்கா. கற்பூரம் கூடப் போட்டிருக்கேன்" என்றார் சின்ன முதலாளி.

"நாம மகா தீப மைன்னு போட்டிருக்கமே."

"எல்லா ஜோதியும் அவன் ஜோதிதானக்கா. நீங்களே சொல்லுங்க, இதுல அண்ணாமலையார் இல்லியா?"

இல்லை என்று என் வாயால் சொல்ல முடியுமா? திரும்பி வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாமியை வைத்து ஒருவர் நியாயம் பேசும்போது நம் வாய் அடைபட்டுப் போகும். அடைபட்டுப் போனதாலேயே அந்த நியாயம் சரியாகிவிடாது. அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் கடை திறந்து பெருக்கிக்கூட முடிக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்து நின்றார். தோளில் ஒரு துணிப் பை, அதிலிருந்து ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறை நீட்டிக்கொண்டிருந்தது. சின்ன முதலாளி கல்லாவில் இருந்தார். மைக் கவர்கள் ஒட்டி முடித்துத் தட்டு நிறைய கவுண்டர் மேலேயே இருந்தன.

"போன்ல பேசுனது நீதானாம்மா?" என்றார் என்னைப் பார்த்து.

"நான்தாங்கம்மா. உக்காருங்க, தண்ணி குடிங்க."

"தண்ணி அப்புறம் குடிக்கிறேன். எம்புள்ளைக்கு நாளன்னிக்கு வேலூர்ல நெஞ்சுல ஆபரேசன். மை கூரியர்ல வரும்னு சொன்னீங்க, இன்னும் வரலை. வர்றதுக்குள்ள அவனை உள்ள இட்டுனு போயிடுவாங்க. அதான் நானே வந்துட்டேன்."

பேசிக்கொண்டே அலமாரியைப் பார்த்தார். அவர் வாங்கிய அதே விளக்கு அங்கே இருந்தது, கவுண்டர் விலைச் சீட்டோடு.

"ஏம்மா, இது இங்க கம்மியா இருக்குது?"

சின்ன முதலாளி கல்லாவைத் திறந்து மூடினார். நான், "ஆன்லைன்ல ஜாஸ்திதாங்கம்மா" என்றேன்.

"சரி வுடு. வெளக்குக்காகவா வாங்குனேன்? எங்கூட்டுல வெளக்கு நாலு கெடக்குது. மைக்காகத்தான் மருமவளைப் போன்ல போடச் சொன்னேன். கோயிலுக்குப் போயி வரிசையில நிக்க என்னால ஆவாது." தட்டிலிருந்து ஒரு கவரை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது மலை மேல எரிஞ்சதுதானம்மா?"

இலவசமாகக் கொடுக்கிறோம் என்று நாங்கள் சொன்ன பொருளைத்தான் அந்த அம்மா விலைக்கு வாங்கியிருந்தார். விளக்குதான் அவருக்கு இலவசமாக வந்தது.

அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசு எப்படியெல்லாம் ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆமாம் என்றால் அவர் நிம்மதியாகப் பஸ் ஏறுவார். பிள்ளை தைரியமாக உள்ளே போவான். யாருக்கு நஷ்டம்? இல்லை என்றால் இந்த வேளையில் ஒரு தாயின் கையிலிருக்கும் பிடிமானத்தைப் பிடுங்குகிறேனே. இரக்கம் என்று பார்த்தால் பொய்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பொய் அவர் பிள்ளையின் நெற்றியில் அல்லவா போய் உட்காரும்? தெரிந்தே அதை வைத்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? அண்ணாமலையானே, நீயே பேசு என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லைங்கம்மா. இது நம்ம கடையில நெய் எரிச்சு எடுத்தது. மலை மை இல்லை."

பார்சல் கட்டிக்கொண்டிருந்த அக்கா டேப்பை இழுப்பதை நிறுத்தினாள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. சின்ன முதலாளி பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, கடையில எரிச்ச மைன்னு போட்டிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன். அதனாலதான் போடலியா?"

"பணத்தை முழுசாத் திருப்பித் தந்துடறேம்மா."

"பணத்தை வச்சுனு நான் இன்னா பண்றது? அவன் நெத்தியில வைக்கவா?"

சின்ன முதலாளி எழுந்து உள்ளே போனார். போனவர் உடனே வரவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். என் வேலை போனது என்றும் நினைத்தேன். அந்த அம்மா கவரைத் தட்டில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். அப்போது சின்ன முதலாளி வந்தார். கையில் ஒரு சின்ன வெள்ளிச் செப்பு. பெரிய முதலாளி வீட்டுப் பங்காகக் கோயில் மையை எடுத்துவைப்பது அதில்தான். கடைப் பூஜை அலமாரியில் இருக்கும், நாங்கள் யாரும் தொட மாட்டோம்.

"இது கோயில்ல இருந்து வந்ததும்மா. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அக்காவுக்கு வாய் சும்மா இருக்காதே. "ஐய, அது அவங்க வீட்ல மாசமா இருக்கிற பொண்ணுக்குன்னு வச்சதாச்சே" என்றாள்.

அந்த அம்மா செப்பை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தார். முந்தானையில் கை துடைத்துக்கொண்டார். சுண்டு விரல் நகத்தால் துளி எடுத்து, என்னிடம் கொஞ்சம் காகிதம் கேட்டு, அதில் தடவி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். செப்பை மூடிக் கவுண்டர் மேல் வைத்தார்.

"பொட்டு வைக்க எவ்ளோ வேணும்? மீதி புள்ளத்தாச்சிக்கு இருக்கட்டும்" என்றார். பிறகு, "எவ்ளோ தம்பி இதுக்கு?"

சின்ன முதலாளி தலையைக் குனிந்தபடியே, "அதுக்கு விலை கிடையாதும்மா" என்றார்.

நான் வீதி முனைவரை கூடப் போய் அவரை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தேன். தண்ணி மட்டும் கடைசிவரை குடிக்கவே இல்லை.

திரும்பி வந்தபோது மைத் தட்டு கவுண்டரில் இல்லை. சின்ன முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "மை கேட்டவங்க எல்லாருக்கும் போன் பண்ணுங்க. உள்ளதைச் சொல்லுங்க. வேணாம்னவங்களுக்கு அனுப்புற செலவைத் திருப்பிடலாம்" என்றார். பண்ணினேன். அந்த வாரம் முழுக்க அதே வேலை. சிலர் சாமி பேரைச் சொல்லி ஏமாற்றுகிறாயா என்று என்னைக் கேட்டார்கள், வாங்கிக்கொண்டேன். ஒரு பெண், "பரவால்லக்கா, அனுப்புங்க, பாப்பாவுக்குக் கன்னத்துல வைக்கிறேன்" என்றாள். ஒருவர் முழுசாகக் கேட்டுவிட்டு, ஆன்லைனில் அதுவரை எங்கள் கடையைப் பற்றி எழுதியிருந்த நல்ல வார்த்தையையும் எடுத்துவிட்டு, ஏமாற்றுக் கடை என்று ஊர் பார்க்க எழுதினார். அது இன்றைக்கும் இருக்கிறது. அந்தத் தை மாத வியாபாரம் படுத்துவிட்டது. மாசி மகம் வரை சின்ன முதலாளி என்னோடு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொன்னால் உடனே நல்லது நடக்கும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் ஓய்வு பெற்ற நாளில்கூட அந்த விளக்குக்கு மேல் கோடு அடித்த விலை இருந்தது. மை இலவசம் என்பது மட்டும் மறுபடி வரவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நீங்கள் எழுதாத ஒரு வரிக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். யோசிக்க நேரம் இருக்காது, முதலாளி பக்கத்திலேயே நிற்பார். கேட்கிறவருக்கு எது சௌகரியம் என்று பார்க்காதீர்கள். அவர் வாங்க வந்தது எது என்று பாருங்கள். பதில் தானாக வரும்.

இதை நீங்கள் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. ஒரே ஒரு வேண்டுகோள். சொல்லும்போது எதையும் சேர்க்காதீர்கள், எதையும் எடுக்காதீர்கள். சின்ன முதலாளியைத் திருடன் ஆக்காதீர்கள். என்னைப் பெரிய மனுஷி ஆக்காதீர்கள். அந்த அம்மாவின் மகன் பிழைத்தானா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நாங்கள் போன் செய்து பார்த்தோம், எடுக்கவில்லை. பிழைத்து நன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கிரிவலத்திலும் நினைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். ஆனால் மை வைத்தார்கள், பிள்ளை எழுந்து உட்கார்ந்தான் என்று நீங்கள் முடித்துவிட்டால், அடுத்த கார்த்திகைக்கு யாராவது ஒருவர் அதை விளம்பரத்தில் போட்டு மை விற்பார். அதனால் தெரியாது என்றே சொல்லுங்கள்.